மயிர் என்னும் சொல்: பொருளும் ஒருபொருட் பன்மொழியும்
(மலாக்காத் தமிழ்ச் சூழலை முன்வைத்து ஓர் ஆய்வு)

முன்னுரை

மலாக்கா நகரின் நடுப்பகுதியிலிருந்து வடமேற்கே கடலோரமாகச் செல்லும் சாலையில் அமைந்துள்ள பழைய குடியிருப்பு தெங்கேரா. 1819இல் சிங்கப்பூர் உடன்படிக்கையில் ஒப்பமிட்ட சுல்தான் உசேன் ஷாவின் கல்லறை இங்குள்ள பள்ளிவாசல் வளாகத்தில்தான் இருக்கிறது. போர்ச்சுகீசியர் தம் மொழியில் அரணையும் மரவேலியையும் குறிக்க வழங்கிய ‘திராங்கெய்ரா’ என்னும் சொல்லே நாளடைவில் தெங்கேரா எனத் திரிந்து ஊர்ப்பெயராயிற்று. இன்று அப்பெயரைச் சொல்வோர் அரணை நினைப்பதில்லை. சொல் நிலைத்துவிட்டது, பொருள் மறைந்துவிட்டது.

இதற்கு நேர்மாறான ஒரு நிலையைத் தமிழில் காண்கிறோம். பொருள் அப்படியே நிலைத்திருக்க, அதனைக் குறிக்கும் சொல் மட்டும் நாவிலிருந்தும் ஏட்டிலிருந்தும் விலக்கப்பட்டு வருகிறது. ‘மயிர்’ என்பதே அச்சொல்.

தெங்கேராப் பகுதியில் வாழும் தமிழாசிரியர் ஒருவர் சில காலத்துக்கு முன்பு நம்மிடம் ஒரு வினாவை முன்வைத்தார். திருக்குறளில் மானம் என்னும் அதிகாரத்தை வகுப்பில் கற்பிக்கும்போது ‘மயிர்’ என்ற சொல் வந்தவுடன் மாணவர் சிரித்துவிடுகின்றனர். பெற்றோர் சிலர் முகஞ்சுளிக்கின்றனர். எனவே அச்சொல்லை ‘முடி’ எனக் கூறிக் கடந்துவிடலாமா என்பது அவர் வினா. சிறிய வினாவாகத் தோன்றினும், ஒரு செம்மொழிச் சொல்லின் வாழ்வும் இறப்பும் அதில் அடங்கியுள்ளன. அச்சொல்லின் வரலாற்றையும், விலங்கின் மயிரைக் குறிக்கத் தமிழ் வகுத்துக்கொண்ட பெயர்களையும், மலாய்மொழிச் சூழலில் அவை எய்திவரும் நிலையையும் ஆராய்ந்து அவ்வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பழந்தமிழில் மயிர்

சங்கப் புலவர்க்கு மயிர் என்னும் சொல்லில் எவ்வித இழுக்கும் தோன்றவில்லை. பொருநராற்றுப்படையில் முடத்தாமக்கண்ணியார் யாழின் உறுப்புகளை ஒவ்வொன்றாக வருணிக்கிறார். யாழின் பத்தரைப் போர்த்த தோலின் பொருத்துவாய்க்கு அவர் காட்டும் உவமை, இளஞ்சூல் கொண்ட பெண்ணின் வயிற்றில் மெல்லிதாக ஒழுகும் மயிர். தாய்மையையும் இசையையும் ஒருங்கிணைக்கும் அவ்வுவமையில் மயிர் என்ற சொல்லே பயின்று வருகிறது. மறைத்துக் கூற வேண்டிய சொல் எனப் புலவர் கருதியிருப்பின் அதனை அவ்விடத்தில் வைத்திருக்கமாட்டார்.

விலங்கின் மயிரோ அரசின் சின்னத்தோடு தொடர்புடையதாயிற்று. ஒன்றோடொன்று பொருது வென்ற ஏற்றின் தோலை மயிர் சீவாமலே போர்த்துச் செய்த முரசினைப் புறநானூற்றின் 288ஆம் பாடல் குறிக்கிறது. மயிர் களையப்பெறாத அத்தோல், விலங்கின் வீரத்தை முரசுக்கு ஏற்றுவதாகக் கருதப்பட்டது போலும். சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதையிலும் அத்தகைய முரசு மயிரால் அடைபெற்றே சுட்டப்பெறுகிறது. அம்முரசுக்குப் பலியூட்டும் வழக்கமும் அங்குக் கூறப்படுகிறது. வழிபடத்தக்க ஒரு பொருளுக்கு மயிர் அடைமொழியாக வந்தது என்பது கருதத்தக்கது.

அதே காதையில் புகார் நகரத்து நெசவாளர் பற்றிய செய்தி ஒன்றும் உண்டு. அவர்கள் பட்டு, மயிர், பருத்தி நூல் ஆகிய மூன்றாலும் நெய்தனர் என்கிறார் இளங்கோவடிகள். மதுரையின் அறுவை வீதியைக் கூறும் ஊர்காண் காதையிலும் இம்மூவகையும் மீண்டும் வருகின்றன. இங்கு மயிர் என்பது ஆடை நெய்தற்குரிய விலங்குமயிர். இன்று ‘கம்பளி’ என்று வழங்குவதை அன்று மயிர் என்றே வழங்கினர். சீவக சிந்தாமணி எலிமயிரால் ஆகிய கம்பலத்தையும் பேசுகிறது. ஆகவே, மயிர் என்பது வணிகர் விலைகூறி விற்ற பொருளின் பெயராகவும் இருந்தது.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியலுக்கு உரை கண்டோர் உள்ளத்து உணர்வு உடலில் புலப்படும் குறிகளுள் ஒன்றாக மெய்ம்மயிர் சிலிர்த்தலைக் கூறுவர். தத்துவ நூல்கள் உடம்பில் மண்ணின் கூறாகிய ஐந்தினை எண்ணுமிடத்தும் எலும்பு, தோல், நரம்பு, தசை ஆகியவற்றோடு மயிரையும் சேர்ப்பர். இலக்கியம், இலக்கணம், சமயம், வணிகம் என அனைத்துத் துறைகளிலும் இச்சொல் தங்குதடையின்றி உலவியமை இவற்றால் தெளிவாகிறது.

விலங்கின் மயிருக்குரிய பெயர்கள்

மயிர் என்பது பொதுப்பெயர். அதன் கீழ் எண்ணற்ற சிறப்புப் பெயர்களைத் தமிழ் கொண்டுள்ளது. திவாகரம், பிங்கலம், சூடாமணி முதலிய நிகண்டுகள் இவற்றைத் தொகுத்துத் தருகின்றன. மக்களின் தலைமயிருக்கு ஆண், பெண் வேறுபாடு நோக்கித் தனித்தனிப் பெயர்கள் அமைந்தன. குஞ்சி, பித்தை, பங்கி, ஓரி, குடுமி போன்றவை ஆடவர்க்கும், கூந்தல், ஓதி, கதுப்பு, கூழை, அளகம், குழல் போன்றவை மகளிர்க்கும் உரியனவாயின. மகளிர் கூந்தலை ஐவகையாக முடித்தல் பற்றி அது ‘ஐம்பால்’ எனவும் பெயர் பெற்றது.

விலங்கினத்துக்கும் இத்தகைய நுட்பமான பகுப்பு உண்டு. குதிரையின் பிடரிமயிர் ‘உளை’ எனப்பட்டது. பிடரியையும் அதன்மேல் வளரும் மயிரையும் ‘சுவல்’ என்ற சொல் குறித்தது. போருக்குரிய புரவியின் பிடரிமயிரை அளவாகக் கத்தரித்து ஒழுங்குபடுத்தும் வழக்கம் இருந்தமையால் கொய்யுளை, கொய்சுவல் என்னும் தொடர்கள் சங்க நூல்களில் பயில்கின்றன. உளை என்பது பின்னர்க் குதிரைத் தலையில் சூட்டும் அணியையும் குறித்தது. கவரியின் மயிரால் ஆகிய விசிறி அவ்விலங்கின் பெயராலேயே ‘கவரி’ எனப்பட்டது. வடசொல் வழியாகச் ‘சாமரை’ என்பதும் வழங்கியது. புலிக்கும் பூனைக்கும் மேலுதட்டில் விறைத்து நிற்பது ‘மீசை’. ஆட்டின் மயிரால் நெய்த போர்வையைக் குறித்து வந்த ‘கம்பளி’ என்பது, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் குளிருக்கும் மழைக்கும் தொழிலாளர் போர்த்திக்கொண்ட துணியின் பெயராக நம் மக்கள் வாழ்வில் நிலைத்தது.

பறவைக்கு வரும்போது தமிழ் மயிர் என்னும் சொல்லை விட்டுவிடுகிறது. இறகு, சிறகு, தூவி, பீலி, தோகை என வேறொரு சொற்குடும்பமே அங்குத் தொடங்குகிறது. இறகு தனித்த ஒன்று, சிறகு பறத்தற்குரிய உறுப்பு, தூவி மென்மையானது, பீலியும் தோகையும் மயிலுக்குச் சிறந்தவை. இலையிலும் காயிலும் மயிர்போல் எழுந்து கையில் உறுத்துவது ‘சுணை’. விலங்கு, பறவை, தாவரம் என்னும் மூன்றையும் சொல்லாலேயே வேறுபடுத்திய திறம் இது. பாலூட்டிகளுக்கு மட்டுமே மயிர் உண்டு என்பது இன்றைய விலங்கியல் கூறும் இலக்கணம். அவ்வெல்லையைப் பழந்தமிழ் வழக்கு பெரும்பாலும் ஒத்திருத்தல் வியப்புக்குரியது.

கவரிமாவும் உதிர்ந்த மயிரும்

திருக்குறளின் 97ஆம் அதிகாரமாகிய மானம், மயிர் என்னும் சொல்லை இருமுறை ஆள்கிறது. இவ்விரண்டு ஆட்சிகளையும் ஒப்பிட்டு நோக்கினால் இச்சொல்லின் பிற்கால வரலாற்றுக்கான விதையையும் காணலாம்.

969ஆம் குறளில் கவரிமா வருகிறது. தன் மயிர் நீங்கின் உயிர்வாழாத அவ்விலங்கைப் போல்வார், மானம் கெட நேரின் உயிரை விட்டுவிடுவர் என்பது கருத்து. கவரிமா மான் அன்று. ‘மா’ என்பது விலங்கின் பொதுப்பெயர். தொல்காப்பிய மரபியல் ‘கன்று’ என்னும் இளமைப் பெயருக்கு உரியனவாக யானை, குதிரை, கழுதை, கடமை, மான் ஆகியவற்றை முதலில் கூறி, எருமையையும் மரையையும் அடுத்து வைத்து, அதன் பின்னரே கவரியையும் கராத்தையும் கூறுகிறது. மானும் கவரியும் ஒன்றாயின் இருமுறை கூற வேண்டுவதில்லை. புறநானூற்றின் 132ஆம் பாடலும் பதிற்றுப்பத்தின் 11ஆம் பாடலும் கவரியை இமயத்தோடும் நரந்தம்புல்லோடும் தொடர்புபடுத்துகின்றன. உடலெங்கும் நீண்ட மயிர் அடர்ந்த பனிமலை விலங்காகிய யாக் என்பதே அது எனக் கொள்ளுதல் பொருந்தும். கடுங்குளிரில் வாழும் உயிருக்கு மயிரே காப்பு. அக்காப்பை இழப்பின் உயிருக்கு இறுதி என்னும் கருத்து இவ்வாறு நோக்கின் இயல்பாக விளங்கும். ‘கவரிமான்’ என மேடைகளிலும் நூல்களிலும் வழங்கும் வழக்கு பிற்காலத் திரிபாகும்.

964ஆம் குறளோ மக்களின் மயிரைக் கூறுகிறது. தம் உயர்ந்த நிலையிலிருந்து தாழ்ந்தவர் தலையிலிருந்து விழுந்த மயிரைப் போன்றவர் என்பது அதன் பொருள். தலையில் இருக்கும்வரை எண்ணெயும் பூவும் பெற்றுப் போற்றப்படுவது, கீழே விழுந்தபின் மிதிக்கப்படுகிறது. ஒரே அதிகாரத்தில் விலங்கின் மயிர் மானத்தின் உவமையாகவும், மனிதனின் மயிர் மானக்கேட்டின் உவமையாகவும் நிற்கின்றன. இரண்டிலும் மயிரின் மதிப்பு அது நிற்கும் இடத்தைப் பொறுத்தது.

சொல்லின் தாழ்வு

உதிர்ந்த மயிர் மதிப்பற்றது என்னும் கருத்து பேச்சுவழக்கில் மேலும் வளர்ந்தது. ஒன்றுமில்லை என்பதை இழிவு தோன்றக் கூறுதற்கு மயிர் பயன்பட்டது. மறைவிடத்து மயிரின் நினைவும் அதனோடு சேர்ந்தபோது அச்சொல் வசையாயிற்று எனக் கருதலாம். இந்நிலை தமிழுக்கு மட்டும் உரியதன்று. மலையாளத்திலும் மயிர் இன்று வசைச்சொல்லே; தலைமயிருக்கு ‘முடி’ என்றும் உடல்மயிருக்கு ‘ரோமம்’ என்றும் அம்மொழியினர் வழங்குகின்றனர்.

அவையில் கூறத்தகாத சொல்லை மறைத்துக் கூறுதலைத் தொல்காப்பியர் அவையல்கிளவி பற்றிய நூற்பாக்களில் விதித்தார். நன்னூலார் அதனை இடக்கரடக்கல் எனத் தகுதிவழக்கின் ஒரு வகையாக்கினார். மயிருக்கு ஈடாக வந்து நிற்கும் முடி, உரோமம், கேசம் ஆகிய மூன்றும் இன்று இடக்கரடக்கலாகவே செயற்படுகின்றன. இவற்றுள் உரோமமும் கேசமும் வடமொழியிலிருந்து வந்தவை. ரகரம் தமிழில் மொழிமுதல் ஆகாமையின் உகரம் முன்னே பெற்று உரோமம் ஆயிற்று. முடி என்பதோ தூய தமிழ்ச்சொல். ஆயினும் அதன் அடிப்படைப் பொருள் கட்டுதல், முடிச்சிடுதல் என்பதாகும். முடிக்கப்பட்ட கூந்தல், அரசர் அணியும் மகுடம், மலையின் உச்சி, நாற்றுக் கட்டு ஆகிய யாவும் அதன் பொருள்களே. கட்டி முடித்தற்குரிய தலைமயிர்க்கு அது பொருந்தும். விலங்கின் உடல்மயிரை யாரும் கட்டி முடிப்பதில்லை.

எழுத்துத் தமிழில் இம்மாற்றம் நிகழ்ந்த காலத்தை அறிய விவிலிய மொழிபெயர்ப்புகள் நமக்கு நல்ல சான்றாகின்றன. திருமுழுக்கு யோவானின் உடையைக் கூறும் மத்தேயு நற்செய்தியின் 3ஆம் அதிகாரத்தில், 19ஆம் நூற்றாண்டில் உருவாகிச் சீர்திருத்தச் சபையாரிடையே இன்றுவரை வழங்கும் பழைய மொழிபெயர்ப்பு ‘ஒட்டகமயிர்’ என்கிறது. 1995இல் வெளிவந்த பொதுமொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம் அவ்விடத்தில் ‘ஒட்டக முடி’ என்கிறது. திருமறையாகப் போற்றப்படும் நூலில் ஒரு நூற்றாண்டுக்கு முன்பு கூசாமல் எழுதப்பட்ட சொல், பின்னர் அதே இடத்தில் கூச்சத்துக்குரியதாயிற்று. ஆகவே எழுத்துவழக்கில் மயிர் தாழ்வுற்றது பழங்காலத்தில் அன்று. பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டிலேயே எனத் துணியலாம்.

மொழியியலார் இதனை இழிபொருட்பேறு என்பர். நறுமணத்தைக் குறித்த ‘நாற்றம்’ தீயமணத்தைக் குறிக்கலானது அதற்கு நாம் வகுப்பில் காட்டும் எடுத்துக்காட்டு. ஆயினும் இரண்டுக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. நாற்றம் பொருள் மாறியது. மயிர் பொருள் மாறவில்லை. மயிர்க்கால், மயிரிழை, மயிர்க்கூச்செறிதல் என்னும் தொடர்களில் அச்சொல் இன்றும் எவர்க்கும் இழிவாகத் தோன்றுவதில்லை. மயிரிழையில் உயிர்தப்பினான் என்று நாளிதழ் எழுதுகிறது, யாரும் முகஞ்சுளிப்பதில்லை. தனித்து நிற்கும்போதுதான் அச்சொல் கூச்சம் தருகிறது. எனவே அது மீட்கத்தக்க நிலையிலேயே உள்ளது எனலாம்.

மலாக்காச் சூழல்

மலாய்மொழியில் மனிதரின் தலைமயிர் ‘ரம்புட்’. உடல்மயிர், விலங்கின் மயிர், பறவையின் இறகு ஆகிய மூன்றும் ‘பூலு’. ஆட்டின் மயிரும் பூலு. கோழியின் இறகும் பூலு. மயிலின் பீலியும் பூலு. உடலின் மென்மயிரைச் சிறப்பாகக் குறிக்க ‘ரோமா’ என்பதைச் சேர்த்துப் ‘பூலு ரோமா’ என்பர். தமிழில் உரோமம் ஆகிய அதே வடசொல்லே மலாயில் ரோமாவாக நிற்கிறது. அச்சத்தால் மயிர் சிலிர்த்தலைக் கூறவும் மலாய்க்காரர் பூலு ரோமா என்பதையே பயன்படுத்துகின்றனர்.

தமிழும் இத்துறையில் மலாய்க்கு ஒரு சொல்லை வழங்கியுள்ளது. மலாயில் ‘மீசாய்’ என்பது நம் மீசையே. கப்பல், கடை, கட்டில், பெட்டி போன்ற சொற்களோடு கடல்கடந்த சொல் அது. நம் தோட்டங்களிலும் வீட்டு முற்றங்களிலும் மருந்துக்காக வளர்க்கப்படும் பூனைமீசைச் செடியை மலாய்க்காரர் ‘மீசாய் கூச்சிங்’ என்கின்றனர். இலங்கைத் தமிழர் ‘ரம்புட்டான்’ என்றும் நாம் ‘ரம்புத்தான்’ என்றும் உண்டு மகிழும் கனியோ, மயிருடையது என்னும் பொருளில் ‘ரம்புட்’ என்பதிலிருந்து பிறந்தது. நாம் கூசி விலக்கும் சொல்லின் மலாய் வடிவம் ஒவ்வொரு பருவத்திலும் நம் வீட்டுக் கூடையில் வந்து இறங்குகிறது.

1796இல் மலாக்காவில் பிறந்த முன்ஷி அப்துல்லா தம் வரலாற்று நூலில், அந்நகர வணிகர் கணக்கும் பேச்சும் தமிழில் நடந்தமையால் தாம் தமிழ் கற்றதாகக் குறிப்பிடுகிறார். அந்நூல் 1849இல் வெளிவந்தது. தெங்கேராவுக்கு அண்மையிலுள்ள காஜா பெராங் கம்போங் செட்டியில் வாழும் மலாக்காச் செட்டிகளின் முன்னோரும் அத்தகைய தமிழ் வணிகரே. 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் ஆலயம் அவர்தம் சைவப்பற்றுக்குச் சான்றாகும். ஆனால் தலைமுறைகள் கடந்தபோது அவர்தம் வீட்டுமொழி மலாய் ஆயிற்று. வழிபாடு நிலைத்தது, மொழி நிலைக்கவில்லை. ஒரு மொழி ஒரே நாளில் மறைவதில்லை. சொல் சொல்லாகவே விலகுகிறது என்பதற்கு அச்சமூகத்தின் வரலாறு நம் கண்முன் நிற்கும் பாடம்.

பின்னர் வந்த தோட்டத் தமிழரின் நிலையையும் எண்ண வேண்டும். மலாயாவில் வணிக அளவிலான இரப்பர்ப் பயிரீடு 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யானால் தொடங்கப்பெற்றது. தொடர்ந்து புக்கிட் அசகானில் விரிவடைந்தது. அத்தகைய தோட்டங்களில் குடியேறிய நம் முன்னோர் ஆடும் மாடும் கோழியும் வளர்த்தனர். கால்நடையோடு வாழ்பவர்க்கு மயிர், தோல், கொம்பு, குளம்பு என்பன அன்றாடச் சொற்கள். பால்மரம் ‘சீவுதல்’ என்று அவர்கள் கூறியது, முரசுத்தோலின் மயிரைச் சீவாமை பற்றிக் கூறும் புறநானூற்றின் அதே வினைச்சொல். தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தபின், கால்நடையோடு அவற்றைச் சார்ந்த சொற்களும் பிரிந்தன. எஞ்சியது வசை மட்டுமே. இன்றைய மாணவன் மயிர் என்ற சொல்லை வசையாக மட்டுமே கேட்டு வளர்கிறான். வகுப்பில் அவன் சிரிப்பது அவன் குற்றமன்று.

இதன் விளைவு ஒன்றை ஆசிரியர்கள் உணர்வர். பூலு என்னும் ஒரு சொல்லுக்கு மாணவர் முடி என்னும் ஒரு சொல்லையே ஈடாக்கிக் கோழியின் முடி, மயிலின் முடி என எழுதத் தலைப்படுகின்றனர். மலாயில் அப்பொதுமை இயல்பு. தமிழில் அது பிழை. தைப்பூசத்தில் காவடியை அலங்கரிக்கும் மயிற்பீலியையும், அதே நாளில் பக்தர் இறக்கும் முடியையும் ஒரே சொல்லால் குறிக்கும் நிலை வருமாயின், நிகண்டுகள் வகுத்த நுட்பம் நம் கண்முன்னே அழிந்துவிடும்.

முடிவுரை

இனி, தெங்கேரா ஆசிரியரின் வினாவுக்கு வருவோம். குறளில் மயிரை முடி என மாற்றலாகாது. 969ஆம் குறளில் மயிர் என்பதும் உயிர் என்பதும் எதுகையாக நிற்கின்றன. மயிர் போனால் உயிர் போகும் என்னும் கருத்தை ஒலியே தாங்கி நிற்கிறது. முடி என மாற்றினால் யாப்பு கெடும்; பொருளின் ஆழமும் கெடும். 964ஆம் குறளில் மயிர், மாந்தர் என்னும் மோனையும் அவ்வாறே சிதையும்.

எனவே, வகுப்பில் அச்சொல்லை விழுங்காமல் தெளிவாகப் படிக்க வேண்டும் என்பதே நம் கருத்து. படிப்பதற்கு முன்பு ஆசிரியர் சில நிமிடங்கள் ஒதுக்கி மயிரிழை, மயிர்க்கால், மயிர்க்கூச்செறிதல் ஆகிய தொடர்களை மாணவர்க்கு நினைவூட்டலாம். ரம்புத்தான் கனியின் பெயரை அவர்களையே விளக்கச் சொல்லலாம். உளை, சுவல், கவரி, மீசை, தூவி, பீலி ஆகியவற்றைப் படங்களோடு பொருத்தும் பயிற்சி தரலாம். அறிவியல் பாடத்தில் உரோமம் என்பதும், அன்றாடப் பேச்சில் தலைக்கு முடி என்பதும் வழங்குவதை நாம் மறுக்கவில்லை. இடமறிந்து சொல்லும் தகுதிவழக்கு தமிழ் மரபே. இலக்கியம் கற்பிக்கும் இடத்தில் மட்டும் இலக்கியத்தின் சொல் நிற்க வேண்டும் என்கிறோம்.

இத்துறையின் முன்னோடியான தனிநாயகம் அடிகளார், 1679இல் அம்பலக்காட்டில் அச்சான புரோயன்சா பாதிரியாரின் தமிழ்–போர்ச்சுகீசிய அகராதியை 1966இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் வழி மறுபதிப்பாக வெளிக்கொணர்ந்தார். மறைந்த அச்சுநூலை மீட்கும் பணி அது. வாழும் நாவிலிருந்து மறைந்துவரும் சொல்லைக் காக்கும் பணி வகுப்பறையில் நிற்கும் ஆசிரியருடையது. மயிர் நீங்கிய கவரிமாவின் நிலை நம் மொழிக்கு நேராதிருக்க, அப்பணியைக் கூச்சமின்றி மேற்கொள்ளல் தமிழாசிரியர் கடனாகும்.